அறை 614-இல் விட்ட லேகியம்

செப்டம்பர் 8, ஞாயிறு. மாலை 6.30. நரிட்டா விமான நிலையம் அருகில்.

விமானம் நாளைக் காலை 10.50-க்கு. சிங்கப்பூர் வழியாகச் சென்னை. பக்கத்தில் மலிவான ஓட்டல் எது என்று ஃபோனில் தேடி நானே அறை பதிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்புக்குமேல் எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை. ஆங்கிலம், மோட்டார் வாகனச் சட்டம், ஃபோன் எல்லாமே நானாகக் கற்றவை.

அறை எண் 614. அடி வைத்து அளந்தேன். நீளம் பதினொன்று, அகலம் ஏழு. அதற்குள் கட்டில், மேசை, டிவி, கெட்டில், குளியலறை, நான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில்தான் நடக்க முடிகிறது, கூட்ட நேரத்துப் பஸ்ஸில் கண்டக்டர் நடப்பதுபோல. முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்தில் வேலை பார்த்தவன், கடைசிப் பன்னிரண்டு வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டர். அதனால் எனக்கு இது சிரமம் இல்லை. ஆனால் குறை குறைதான், எழுதிவைக்கிறேன். தலையணைக்குள் பஞ்சுக்குப் பதில் ஏதோ குழாய்த் துண்டுகள் இருக்கின்றன, திரும்பிப் படுத்தால் சத்தம். கழிப்பறையில் பதினோரு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினேன், சட்டை நனைந்தது. ஜன்னல் நான்கு விரல்கடைக்குமேல் திறக்காது.

வந்த காரணத்தையும் எழுத வேண்டும். என் மகள் தமயந்தி இங்கே ஜப்பானில் உத்சுனோமியா என்ற ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளை ஜெகவீரனுக்கு அங்கே கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு இது முதல் பிரசவம். டாக்டர் கொடுத்த தேதி செப்டம்பர் 29. அவள் அம்மா கெங்கம்மாள் இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதனால் நான் வந்தேன். பிரசவம் பார்க்க அப்பன் போகிறானா என்று கோவில்பட்டியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வந்த இருபத்தாறாம் நாள் கிளம்பிவிட்டேன். காரணம் ஒரு பஸ் விவகாரம். அதை எழுத இப்போது மனமில்லை.

பெரிய பெட்டி அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. தோள்பையில் இரண்டு வேட்டி, மூன்று சட்டை, பிரஷர் மாத்திரை, இந்த நோட்டு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பிரசவ லேகியம். லேகியம் நான் கிண்டியது. நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, சுக்கு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் இடித்துச் சலித்து, உடன்குடிக் கருப்பட்டிப் பாகில் கிண்டினேன். முதல் தடவை தீய்ந்தது. இரண்டாம் தடவை கல்லானது. மூன்றாவதுதான் இது. பெட்டியை விட்டுவிட்டு லேகியத்தை மட்டும் ஏன் எடுத்துப் போகிறீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். என் பொருளை நான் எடுக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றேன்.

விமான விதிகளைப் படித்தேன். களிம்பு போன்ற பண்டம் நூறு மில்லிக்குமேல் கைப்பையில் கூடாதாம். ஆகவே லேகியத்தை இந்த அறையிலேயே வைத்துவிட்டுப் போவது என்று முடிவு.

தமயந்தி அழைத்த நேரங்கள்: 3.12, 4.40, 6.05. எடுக்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள். காலை 7.15.

லேகியத்தை டிவி பக்கத்தில் வைத்தாயிற்று. ஒரு சுமை குறைந்தது.

அதே நாள், மாலை 4.

சுமை திரும்பிவிட்டது. ஒழுங்காக எழுதுகிறேன்.

விமான நிலையத்துக்கு ஓட்டலின் இலவசப் பஸ் 7.40-க்கு. 7.40 என்றால் 7.40. என் கைக்கடிகாரத்தில் முள் அந்தக் கோட்டைத் தொட்டதும் டிரைவர் கதவை அடைத்தார். என் சர்வீஸில் இப்படி ஒரு வண்டி எடுத்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் பாராட்டும் மனநிலையில் நான் இல்லை.

விமான நிலையத்தில் பலகை முழுக்கச் சிவப்பு எழுத்து. கடலிலிருந்து புயல் வருகிறதாம், விமானங்கள் ரத்து. வானத்தைப் பார்த்தேன், நல்ல வெயில். கவுண்டரில் போய், புயல் எங்கே என்று கேட்டேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். புயலுக்கு இவள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? இந்த நாட்டில் யாரும் எதற்கும் மன்னிப்புக் கேட்டுவிடுகிறார்கள். என் மகளுக்கும் இந்த வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தமிழ் அம்மாள். தூத்துக்குடி, பெயர் பிலோமினா. அறுபது வயதிருக்கும். இங்கே மகனோடு மூன்று மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார், அதே விமானம். நான் தங்கிய ஓட்டல் பெயரைச் சொன்னதும், எனக்கு யார் என்ன பேசுகிறார்கள் என்றே விளங்கவில்லை அண்ணாச்சி, நானும் அங்கேயே வந்துவிடுகிறேன் என்று என் பின்னாலேயே பஸ் ஏறிவிட்டார். வழியெல்லாம் பேச்சு.

ஓட்டலில் நாளுக்கு நாள்தான் அறை தருவார்கள். காலை பத்துக்குக் காலி செய்ய வேண்டும், மூன்று மணிக்குப் புதிய அறை. கவுண்டரில் மொரிதா என்ற அம்மாள், வயது ஐம்பத்தைந்துக்குக் குறையாது. என் பாஸ்போர்ட்டைப் பார்த்து "அய்யாருசாமி-சாமா" என்றாள். சாமா என்பது இங்கே மரியாதைச் சொல்லாம். என் பெயர் அய்யலுசாமி. திருத்தினேன். சரியென்று தலையசைத்துவிட்டு மறுபடி அப்படியே சொன்னாள். பிறகு கீழே குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து என் முன்னால் வைத்தாள். ஹார்லிக்ஸ் பாட்டில். கழுத்தில் நூல் கட்டி ஓர் அட்டை: தேதி, 614, நேரம், மற்றதெல்லாம் ஜப்பான் எழுத்து.

அவளிடம் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி இருக்கிறது, சோப்புக்கட்டி அளவு. அதில் பேசினாள். அது ரேடியோச் செய்தி வாசிப்பவர் குரலில் சொன்னது: "மதிப்பிற்குரிய விருந்தினரே, உங்கள் பொருள் அறையில் தனியாக இருந்தது."

நான் மறந்து விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்லியிருப்பேன். பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அட்டையில் 'பெற்றுக்கொண்டவர்' என்று மொரிதா அம்மாள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

பிலோமினா அம்மாள் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டார். இந்தம்மாளிடம் எதையும் மறைக்க முடியாது.

"பேறுகால லேகியம்லா இது? யாருக்கு அண்ணாச்சி?"

மகளுக்கு என்றேன். எப்போது பிரசவம் என்றார். தேதியைச் சொன்னேன். என் தோள்பையைப் பார்த்தார், விமான நிலையம் இருந்த திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புள்ளய நீ பெத்துக்கோன்னு சொல்லிட்டு மருந்த மட்டும் தூக்கிட்டு ஓடியாந்த அப்பன இன்னைக்குத்தான் பாக்கேன்."

மூடியைத் திருகி அடைத்தேன். அறை 409-க்கு வந்துவிட்டேன். அழைப்புகள்: 9.30, 1.15.

செப்டம்பர் 10, செவ்வாய்.

மழை. காற்று ஜன்னலில் மோதுகிறது. நேற்று வெயிலடித்ததால் நான் வீணாகப் பேசிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நேற்று வெயில் அடித்தது, அதுதான் உண்மை.

காலையில் லேகியத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். டிவி பக்கத்தில் வைத்ததால்தானே கண்ணில் பட்டது? உள்ளே ஒரு வேதப் புத்தகமும் ஒரு புத்தர் புத்தகமும் இருந்தன. இரண்டுக்கும் பின்னால் தள்ளிவைத்தேன். பத்து மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தோம். எல்லோரும் மூன்று மணி வரைக்கும் அங்கேதான். பிலோமினா அம்மாள் மகன் கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் அங்கே வைத்திருந்த பஸ் டைம்டேபிள்களைப் படித்தேன்.

பொழுது போகவில்லை. பஸ் விவகாரத்தை இப்போது எழுதிவிடுகிறேன். அறிக்கை முறையில்.

நாள்: செப்டம்பர் 6, வெள்ளி. இடம்: உத்சுனோமியா நகரப் பஸ். மகளை ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பும் நேரம். இந்த ஊரில் பின்பக்கம் ஏறி, இறங்கும்போது டிரைவர் பக்கத்துப் பெட்டியில் காசு போட வேண்டும். கண்டக்டர் கிடையாது, செக்கிங்கும் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். இருபத்து நாலு நாளாக நான் கவனித்துவந்தேன். அன்று எண்பது வயது ஆள் ஒருவர் காசும் போடாமல், அட்டையும் தேய்க்காமல், டிரைவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கப்போனார். நான் முன் சீட்டில் இருந்தேன். எழுந்து அவர் சட்டைக்கையைப் பிடித்து, "டிக்கெட்" என்றேன்.

பிடித்தது முறைப்படிதான். முழங்கைக்குமேல், இறுக்காமல். ஆயிரக்கணக்கான பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன். அவர் பயந்து பையைக் கீழே போட்டார். வெங்காயத்தாளும் முட்டைப் பெட்டியும். முட்டை உடைந்தது. டிரைவர் எழுந்து வந்தார். பஸ் நான்கு நிமிடம் நின்றது.

அவர் கழுத்தில் முதியோர் பாஸ் தொங்கியதாம். டிரைவரிடம் காட்டினாராம். என் இடத்திலிருந்து அது தெரியவில்லை.

பின் சீட்டிலிருந்து தமயந்தி எழுந்து வந்தாள். அந்த ஆளிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு டிரைவரிடம். பிறகு திரும்பி, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும். தவறு செய்யாத தகப்பனுக்காக மூன்று தடவை மன்னிப்பு. வீட்டுக்கு வந்து சொன்னேன், நான் திருடவில்லை, திருடனைப் பிடித்தேன் என்று. அவர் திருடர் இல்லை என்றாள். பாஸைக் காட்டவில்லையே என்றேன். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"அவரு டிரைவர்ட்ட காட்டிட்டாரு. ஒங்ககிட்ட எதுக்குப்பா காட்டணும்? இங்க நீங்க யாரு?"

இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. மறுநாள் இனிப்புப் பெட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு அந்த ஆள் வீட்டுக்குப் போனாள். இங்கே அதுதான் வழக்கமாம். நீங்களும் வாருங்கள் என்றாள், போகவில்லை. அவள் திரும்புவதற்குள் விமான டிக்கெட்டை மாற்றிவிட்டேன்.

மாலை 3.05. மொரிதா அம்மாள். இரண்டு கை. பாட்டில். இரண்டாவது அட்டை: 409. "மதிப்பிற்குரிய விருந்தினரே, உங்கள் பொருள் புனித நூல்களின் பின்னால் ஓய்வெடுத்தது."

கையெழுத்துப் போட்டேன். பிலோமினா அம்மாள் சத்தம் வராமல் சிரித்தார், தோள் மட்டும் குலுங்கியது.

செப்டம்பர் 11, புதன். காலை 9.

இன்று குப்பைக்கூடையில் போட்டேன். நேரடியாக. கூடையில் போட்ட பொருள் குப்பை, இதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. பாட்டில் கண்ணாடி ஆகையால் இரண்டு குளியல் துண்டுகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தேன்.

அதே நாள், மாலை 5.

புயல் கடந்துவிட்டது. நாளை விமானம் 10.50-க்கு உண்டு என்று செய்தி.

மதியம் மாப்பிள்ளை அழைத்தார். மாப்பிள்ளை அழைத்தால் எடுக்காமல் இருப்பது மரியாதை இல்லை. சாப்பாடு, மழை, அறை என்று விசாரித்துவிட்டுச் சொன்னார். தமயந்திக்குக் கால் வீங்கியிருக்கிறது, பிரஷர் ஏறியிருக்கிறது. நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பயப்படும்படி இல்லை. ஆனால் இருபத்தொன்பது வரைக்கும் விடமாட்டார்கள், சனிக்கிழமையே வலி வர மருந்து வைப்பார்கள்.

"அவ ஒங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டா, மாமா. நிம்மதியா ஊருக்குப் போகட்டும்னா. நாந்தான் மனசு கேக்காமச் சொல்றேன்."

சொன்னது சரிதான் என்றேன். உப்பு குறைத்துச் சாப்பிடட்டும் என்றேன். நாளை விமானம் இருக்கிறது என்றும் சொன்னேன். சரி மாமா என்றார். இந்தப் பிள்ளை எதிர்த்துப் பேசினால் எனக்கு வசதியாக இருக்கும். பேசமாட்டார்.

பிலோமினா அம்மாளிடம் பஸ் விவகாரத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. டொராண்டோவில் இரண்டு, இங்கே ஒன்று என்று மூன்று பேறுகாலம் பார்த்தவர். சட்டப்படி பார்த்தால் ஒரு பயணியின் கையைப் பிடித்தது தப்பில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்ட கேள்வி வேறு.

"மூணு தடவ குனிஞ்சான்னியளே, எட்டு மாசம் தாண்டுன வயித்த வச்சுக்கிட்டு எப்படிக் குனிஞ்சா?"

முழுக்கக் குனியவில்லை, முன் சீட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாதிதான் குனிந்தாள் என்றேன். மூன்றாவது தடவை கம்பியை விட்டுவிட்டாள், தடுமாறினாள், டிரைவர் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எங்க நின்னிய?"

"பக்கத்துலதான்."

"நின்னுக்கிட்டா?"

டீ ஆறிவிட்டது, வேறு வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். இங்கே டீயை மெஷினில் காசு போட்டு எடுக்கலாம். எனக்கு அதில் ஒரு பொத்தான் மட்டும் தெரியும். மூன்று நாளாக ஒரே டீதான் வருகிறது, சர்க்கரை இல்லாதது.

மூன்று மணிக்கு மொரிதா அம்மாள். பாட்டிலைக் கழுவித் துடைத்திருந்தார்கள். மூடியில் மெல்லிய தாள் சுற்றியிருந்தது. மூன்றாவது அட்டை. "முழுமையாக நிரம்பிய, கைகளால் செய்யப்பட்ட உணவு கூடைக்குள் விழுந்துவிட்டது. துப்புரவுப் பணியாளர் மிகவும் கவலைப்பட்டார்."

விழவில்லை, போட்டேன் என்று இந்தத் தடவை சொல்லிவிட்டேன். கருவி அதை என்னவாக மாற்றியதோ, மொரிதா அம்மாளின் முகம் மாறியது. பாட்டிலையும் என்னையும் பார்த்தாள். நாளைக் காலையில் அதற்குரிய படிவம் தருகிறேன் என்றாள். நல்லது. எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு என்றால் முதல் நாளே தந்திருக்கலாம்.

தமயந்தி இன்று அழைக்கவில்லை. ஃபோனில் சார்ஜ் இருக்கிறது, சிக்னலும் இருக்கிறது. நேரம் பார்ப்பதற்காக எடுத்தபோது கவனித்தேன்.

செப்டம்பர் 12, வியாழன். காலை 7.10. வரவேற்பறை.

படிவம் ஒரு பக்கம். மொரிதா அம்மாள் கருவியை அதன்மேல் காட்டி வாசிக்க வைத்தாள். "இப்பொருள் எனக்கும் என்னைச் சார்ந்த எவருக்கும் தேவையில்லை என்று உறுதியளிக்கிறேன். இதை அழிக்கச் சம்மதிக்கிறேன்." கீழே பெயர், கையொப்பம், தேதி. பேனாவை இரண்டு கையால் நீட்டினாள்.

வாங்கினேன். பேனா மூடியைக் கழற்றினேன். பெயர் எழுதினேன்.

ஒரு விஷயம் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. முப்பத்தோரு வருடத்தில் நான் பொய்யான தாளில் கையெழுத்துப் போட்டதில்லை. கண்டக்டராக இருந்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர்மேல் டெப்போவில் ஜோடித்த ஒரு புகாருக்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள். முடியாது என்றேன். ராமேஸ்வரத்துக்குத் தூக்கி அடித்தார்கள். கெங்கம்மாள் அப்போது ஒன்பது மாதம். லீவு தரவில்லை. கேட்டுப் பார்த்தீர்களா என்று கெங்கம்மாள் பிறகு கேட்டாள். ஒரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை கெஞ்சுவது என் பழக்கம் இல்லை. தமயந்தி பிறந்த பதினோராம் நாள்தான் முகம் பார்த்தேன். தொட்டிலில் கிடந்தவள் என்னைப் பார்த்து, யார் இந்த ஆள் என்பதுபோல நெற்றியைச் சுருக்கினாள். கையெழுத்துப் போடாததில் எனக்கு வருத்தம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இரண்டாம் தடவை கேட்டிருக்கலாம்.

எனக்குத் தேவையில்லை என்பது உண்மை. நான் பிள்ளை பெறப் போவதில்லை. 'என்னைச் சார்ந்த எவருக்கும்' என்ற இடத்தில்தான் பேனா நின்றது.

சனிக்கிழமை ஒருத்திக்குத் தேவை. அது தெரிந்த பிறகு இதில் கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சான்று.

பஸ் 7.40-க்கு. மொரிதா அம்மாள் காத்திருந்தாள். பிலோமினா அம்மாள் பெட்டியோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி என் கடிகாரத்தைக் காட்டினார். நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கருவியில் சொன்னேன்: "இந்தப் பொருளுக்கு உரியவர் வேறொருவர். அவரிடம் ஒப்படைப்பது என் பொறுப்பு."

மொரிதா அம்மாள் படிவத்தை நாலாக மடித்துக் கூடையில் போட்டாள். பிறகு உள்ளே போய், ஒரு துணிப்பை கொண்டுவந்து பாட்டிலை அதில் வைத்துக் கட்டினாள். மூன்று அட்டையும் சேர்த்து.

"வண்டிய விட்டுருவிய அண்ணாச்சி," என்றார் பிலோமினா அம்மாள் வாசலிலிருந்து.

விமானத்துக்குப் போகவில்லை, உத்சுனோமியா பஸ்ஸும் அதே விமான நிலையத்திலிருந்துதான், அதற்காகத்தான் இந்தப் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். மன்னிப்புக் கேட்கப் போவதாக நினைக்க வேண்டாம், ஒரு பொருளை ஒப்படைக்கப் போகிறேன் என்பதையும் தெளிவாகச் சொன்னேன்.

"நா என்ன கேட்டனா," என்றார். மீதி முறுக்கை என் பையில் வைத்தார். "உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கான். மகளுக்கு ஒண்ணு குடுங்க."

அதே நாள், மதியம் 1.20. உத்சுனோமியா நகரப் பஸ்ஸில்.

பின்பக்கம் ஏறி, ஏறிய நிறுத்தத்தைக் காட்டும் எண் சீட்டு எடுத்துக் கையிலேயே வைத்திருக்கிறேன். மூன்றாவது நிறுத்தத்தில் ஓர் அம்மாள் காசு போடாமல் இறங்கினார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே நாள், மாலை 6. ஆஸ்பத்திரி, நான்காம் மாடி.

அறையில் நாலு கட்டில், நடுவில் திரைகள். வாசலில் நர்ஸ் ஒருத்தி துணிப்பையைப் பார்த்து, வெளி உணவு கூடாது என்று சைகை காட்டினாள். இது உணவில்லை, பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கும் மருந்து, இப்போது ஒப்படைக்க மட்டுமே வந்திருக்கிறேன் என்று தமிழில் விளக்கினேன். விளங்கியதோ இல்லையோ, வழிவிட்டாள்.

ஜன்னல் ஓரத்துக் கட்டில். மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்தார், ஒன்றும் கேட்கவில்லை. தமயந்தி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருக்கிறது. கால்களைப் போர்வைக்கு வெளியே போட்டிருந்தாள். கணுக்கால் எலும்பே தெரியவில்லை. கெங்கம்மாளுக்கும் இப்படித்தான் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

"பிளைட்ட விட்டுட்டீங்களாப்பா?"

விடவில்லை, ஏறவில்லை என்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பாட்டிலை எடுத்து அவள் முன்னால் சாப்பாட்டுப் பலகையில் வைத்தேன். அவள் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். அவளுக்கு ஜப்பான் மொழி நன்றாக வாசிக்க வரும். டிவி பக்கத்தில், இழுப்பறையில், குப்பைக்கூடையில் என்று கண்டெடுத்த இடங்களும் எழுதியிருந்தனவாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அட்டையைக் கழற்றியிருப்பேன்.

"மூணு நாளும் விட்டுட்டுப் போயிருக்கீங்க."

"மூணு நாளும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன். அதையும் பாரு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார். கடைசி அட்டையில் ஓரமாகக் கொஞ்சம் இடம் இருந்தது. பெற்றுக்கொண்டவர் என்று தமிழில் எழுதி, அவள் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். எதையும் ஒப்படைத்தால் கையெழுத்து வாங்குவது ஒழுங்கு. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

போட்டாள். பேனாவைத் திருப்பித் தரும்போது அவள் விரல் வீங்கியிருந்ததால் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்க அவள் அசைந்தாள். அவளால் இப்போது குனிய முடியாது.

நான் குனிந்தேன்.

பேனா கட்டிலுக்கு அடியில் உருண்டுபோயிருந்தது. அதனால் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அவள் கால் பக்கத்தில்தான் கிடந்தது. கையில் எடுத்த பிறகும் இடுப்பு உடனே நிமிரவில்லை, இந்த வயதில் அப்படித்தான். பக்கத்துக் கட்டில் திரை விலகியது, யாரோ பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"போதும்ப்பா," என்றாள் தமயந்தி. "எந்திரிங்க."

பேனா உள்ளே போய்விட்டது, அதைத்தான் தேடுகிறேன் என்றேன். நான்கு நிமிடம் தேடினேன் என்று மாப்பிள்ளை இப்போது சொல்கிறார். மிகை. ஒரு நிமிடம்கூட இருக்காது.